பழைய வெட்டில் புதிய உடை

“பாட்டி காலத்துத் தையல் இயந்திரம் ஒன்று எங்கள் வீட்டு மூலையில் கிடக்கிறது. பழைய இரும்பு வாங்குபவர் எடைக்கு விலை பேசுகிறார். இளைய மகளோ, பாட்டியின் திருமணப் படத்தில் உள்ளதுபோல் பஃப் கை வைத்த சட்டைகளைத் தானே தைத்து அணியப்போவதாகச் சொல்லி, அதைக் கொடுக்கவிடாமல் தடுக்கிறாள். ஆயத்த ஆடைகள் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் நாளில் இது வீண் முயற்சி அல்லவா?” என்று வாசகி ஒருவர் நமக்கு எழுதியுள்ளார். மேலோட்டமாகப் பார்த்தால் இது சிறிய கேள்விதான். ஆயினும் இதே கேள்வி நம் இல்லத்திலும் சில ஆண்டுகளுக்கு முன் எழுந்ததாதலின், சற்று விரிவாகவே விடையிறுக்க விழைகிறோம்.

எம் தந்தையார் மறைந்தபோது எம் அன்னையாருக்கு வயது முப்பத்து மூன்று. எமக்கும் தம்பிக்கும் பள்ளிக் கட்டணம் கட்டியது, மிதிபலகை வைத்த ஒரு கறுப்புத் தையல் இயந்திரமே. தெருப் பிள்ளைகளின் சீருடைகளும் அண்டை வீட்டாரின் ரவிக்கைகளும் அதில் உருவாயின. கிறிஸ்துமஸ் நெருங்கும் நாள்களில் நள்ளிரவு கடந்தும் அதன் ஓசை ஓயாது. அந்த ஓசை நின்றால்தான் எமக்கு விழிப்பு வரும். அன்னையார் காலமான பின் அதன்மேல் ஒரு விரிப்பைப் போட்டோம். பின்னர் மருந்துப் புட்டிகளையும் பழைய நாளிதழ்களையும் வைத்தோம். இவ்வாறே பல ஆண்டுகள் கழிந்தன. வீட்டுக்கு வண்ணம் பூசிய ஒரு கோடையில், “விற்றுவிடலாமே அக்கா, யார் உட்காரப் போகிறார்கள்?” என்றான் தம்பி. நாமும் இசைந்துவிட்டோம். அவன் மகள்தான், “எனக்குக் கொடுங்கள் அத்தை, நான் தைப்பேன்” என்று குறுக்கே நின்றாள். அப்போது அவளுக்கு ஊசியில் நூல் கோக்கவும் தெரியாது.

விரிப்பை நீக்கித் துடைத்தபோது, இயந்திரத்தின் அடித்தட்டில் எழுத்தும் எண்ணுமாக ஒரு வரிசை தென்பட்டது. சிங்கர் இயந்திரங்களில் இவ்வரிசையைக் கொண்டு அது எந்த ஆலையில், எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று கண்டுகொள்ளலாம். நம்முடையது ஸ்காட்லாந்து நாட்டில் கிளைட்பேங்க் என்னும் ஊரிலிருந்து வந்தது. 1885-ஆம் ஆண்டில் அங்கே திறக்கப்பட்ட பேராலையிலிருந்துதான் நம் நாட்டுக்கு அக்காலத்து இயந்திரங்கள் பெரும்பாலும் கப்பலேறின. 1941 மார்ச் மாதத்தில் ஜெர்மானிய விமானங்கள் அவ்வூரைக் குண்டுவீசித் தகர்த்தபோது ஆலையின் மரக்கிடங்கு தீக்கிரையாயிற்று. ஆலை 1980-ல் மூடப்பட்டது. ஆயினும் அவ்வழியே செல்லும் இரயில் இன்றும் ‘சிங்கர்’ என்னும் பெயருடைய நிலையத்தில் நிற்கிறது. நம் வீட்டு மூலைக்கும் அத்தொலைதூரத்து ஊருக்கும் இப்படி ஓர் உறவு இருந்ததை நாம் அதுவரை அறியோம்.

இயந்திரங்களைப் பற்றிக் காந்தியடிகள் கொண்டிருந்த ஐயங்கள் யாவரும் அறிந்தவை. எனினும் 1924-ஆம் ஆண்டில், பிற்காலத்தில் திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமத்தை நிறுவிய இராமச்சந்திரன் மாணவராக இருந்து வினவியபோது, தையல் இயந்திரத்துக்கு மட்டும் அவர் விலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்துத் துன்புறுவதைக் காணப் பொறாத அன்பினால் சிங்கர் அதைக் கண்டுபிடித்தார் என்பது அவர் கூறிய காரணம். வரலாறு வேறுவிதமாகச் சொல்கிறது. 1846-லேயே எலியாஸ் ஹோவ் என்பவர் தம் இயந்திரத்துக்கு உரிமை பெற்றிருந்தார். சிங்கர் உரிமை பெற்றது 1851-ல்தான். சிங்கரின் இல்லற வாழ்வோ, குடும்ப இதழ் ஒன்றில் எழுதத்தக்கதன்று. காந்தியடிகளின் முடிவு சரியே, காரணந்தான் சற்றுப் பிசகிற்று என்று கொள்வோம்.

இனி, வாசகியின் மகள் விரும்பும் ‘பழைய வெட்டு’க்கு வருவோம். இன்று மேலை நாடுகளிலும் இங்கும் இளம்பெண்கள் பலர் 1940-களின் உடைகளைத் தேடிப் பிடித்துத் தைக்கின்றனர். ஒட்டிய இடுப்பு, சற்றே விரிந்த பாவாடை, எடுப்பான தோள், முன்புறம் பட்டன் வைத்த சட்டை ஆகியவற்றைக் கண்டு அழகுணர்ச்சியால் எழுந்தவை என்றே எண்ணுகின்றனர். அவற்றுள் பல பற்றாக்குறையால் எழுந்தவை என்பதை அறிந்தால், அவ்வுடைகளைத் தைப்பதும் எளிதாகும்.

இரண்டாம் உலகப்போரின்போது, 1941 ஜூன் முதல் நாளன்று பிரிட்டனில் துணிப் பங்கீடு அறிவிக்கப்பட்டது. அன்று பெந்தெகோஸ்தே ஞாயிறு. கடைகள் மூடியிருந்தமையால் முன்கூட்டி வாங்கிக் குவிக்க எவருக்கும் வழியில்லை. செய்தி கசியாதிருக்கும்பொருட்டுப் புதிய அட்டைகளைக்கூட அச்சிடாமல், உணவுப் பங்கீட்டுப் புத்தகத்தில் மார்கரைனுக்கென்று இருந்த மிகுதிச் சீட்டுகளையே துணிக்கும் கொள்ளச் செய்தனர். ஆளொருவருக்கு ஆண்டுக்கு 66 சீட்டுகள். கம்பளிக் கவுன் ஒன்றுக்கு 11 சீட்டுகள் போயின. பருத்திக் கவுனுக்கு 7, சட்டைக்கு 5. ஆடவர் கோட்டும் கால்சட்டையும் உட்சட்டையும் சேர்ந்த சூட் ஒன்று 26 சீட்டுகளை விழுங்கியது. பின்வந்த ஆண்டுகளில் இந்த 66-ம் குறைக்கப்பட்டது. பணமுடையோரும் சீட்டின்றி வாங்க இயலாது. பணமில்லாதவரிடம் சீட்டு இருந்து பயனில்லை. இரண்டும் அளவாக உடைய நடுத்தரக் குடும்பத்துப் பெண் என்ன செய்தாள்? தையல் இயந்திரத்தின் விரிப்பை நீக்கினாள்.

1942-ல் அரசு மேலும் ஒரு படி சென்று, உடையின் வெட்டுக்கே விதி வகுத்தது. ஒரு கவுனுக்கு இரண்டு பைகளுக்கு மேல் கூடாது. ஐந்து பட்டன்களுக்கு மேல் கூடாது. பாவாடைப் பகுதியில் ஆறு இணைப்புத் தையல்களுக்கு மேல் கூடாது. மடிப்புகளுக்கும் எண்ணிக்கை உண்டு. ஆடவரின் கால்சட்டை நுனியை வெளிப்புறம் மடித்துத் தைப்பதையும் தடுத்தனர். இந்த எளிய உடைகள் அழகற்றவையாய்ப் போய்விடலாகாதென்று, ஹார்ட்நெல், ஹார்டி ஏமிஸ், டிக்பி மார்ட்டன் முதலான புகழ்பெற்ற வடிவமைப்பாளர்களைக்கொண்டே மாதிரிகள் செய்வித்தனர். இலண்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அம்மாதிரிகள் காக்கப்பட்டு வருகின்றன. ஓர் அலுவலகத்தின் ஆணைக்குட்பட்டு வெட்டப்பட்ட பாவாடையை இன்று அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின் வைத்துக் காண்கிறார்கள்!

ஆறு இணைப்புத் தையல் என்றதும் நம் சகோதரிகளுக்கு ஏதேனும் நினைவுக்கு வருகிறதா? சேலைக்குள் அணியும் உள்பாவாடையைத் தைக்கும்போது, மேலே குறுகியும் கீழே அகன்றும் ஆறு துண்டுகளை வெட்டி இணைக்கிறோம் அல்லவா? அதே வெட்டுத்தான் அது. எம் தம்பி மகள் முதன்முதல் தைத்ததும் அதுவே. அதன் கணக்கை இங்கே தருகிறோம்.

இடுப்பளவு 28 அங்குலம், கீழ்ச்சுற்று 72 அங்குலம் என்று கொள்வோம். ஆறால் வகுத்து, தையலுக்காகப் பக்கத்துக்கு அரை அங்குலம் சேர்த்தால், ஒவ்வொரு துண்டும் மேலே ஐந்தே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, கீழே 13 அங்குலம். முழங்காலைக் கடந்து இறங்க 30 அங்குல நீளம், மடிப்புக்கும் மேல் தையலுக்கும் 4 அங்குலம், ஆக 34. இப்போது 44 அங்குல அகலத் துணியில் ஒரு துண்டை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் மாற்றி மாற்றி வைத்தால் குறுக்கே நான்கு துண்டுகள் அடங்கும். எஞ்சிய இரண்டு அடுத்த 34 அங்குலத்தில் பாதியளவே கொள்ளும். மீதியில் இடுப்புப் பட்டியும் இரண்டு பைகளும் வந்துவிடும். ஆக இரண்டே கெஜம். பூக்கள் ஒரே திசை நோக்கி நிற்கும் அச்சுத் துணியாயின் தலைகீழாக வைக்க இயலாது, துணி கூடுதலாகும். ஆகவே முதற் பாவாடைக்கு ஒற்றை நிறத் துணியே தக்கது. இடுப்பிலிருந்து எட்டு அங்குலம் கீழே சுற்றளவு நாற்பதை ஒட்டி வரும். இருக்கையளவு 38-க்கு மேற்பட்டவர்கள் கீழ்ச்சுற்றைச் சற்று அகலமாக்கிக்கொள்ள வேண்டும்.

இதையே முழு வட்டப் பாவாடையாக வெட்டினால் என்னாகும்? அதே நீளத்துக்கு, இரண்டு அரைவட்டங்களாக வெட்டி இணைக்க ஏறத்தாழ நான்கு கெஜம் வேண்டும். சரிபாதிக்குச் சரிபாதி வேறுபாடு! 1947 பிப்ரவரி 12 அன்று பாரிஸ் நகரில் கிறிஸ்டியன் டியோர் தம் முதல் தொகுப்பைக் காட்டியபோது உலகம் திகைத்ததும், பிரிட்டனில் வாணிப அமைச்சராயிருந்த கிரிப்ஸ் சினந்ததும் இதனால்தான். கணுக்காலை நோக்கி இறங்கும், துணியை வாரி இறைக்கும் பாவாடைகள் அவை. பிரிட்டனிலோ பங்கீடு முடிந்தபாடில்லை. அவ்வாண்டு நவம்பரில் இளவரசி எலிசபெத்தின் திருமணத்துக்கும் சீட்டுகள் தேவைப்பட்டன. நாட்டுப் பெண்கள் பலர் தம் சீட்டுகளை அன்புடன் அனுப்ப, ஒருவர் சீட்டை இன்னொருவர் பயன்படுத்துவது சட்டப் பிழையாதலின் அவை நன்றியுடன் திருப்பியனுப்பப்பட்டன. பங்கீடு நீங்கியது 1949 மார்ச் மாதத்தில்தான். டியோரின் உடைகளை நாம் குறைகூறவில்லை. ஆண்டுகள் பலவாக ஒட்ட வெட்டிய துணியையே உடுத்திச் சலித்த ஒரு பெண்ணுக்கு, நடக்கும்போது சுழலும் பாவாடை எத்தகைய மகிழ்ச்சி தந்திருக்கும் என்பதை உணர முடிகிறது. ஆனால் புதிதாகத் தைக்கப் பழகுபவள் வட்டப் பாவாடையில் தொடங்கலாகாது. குறுக்குவாட்டில் வரும் இடங்களில் துணி தொங்கி நீண்டு, கீழ்விளிம்பு அலையலையாகிவிடும். ஆறு துண்டுப் பாவாடையைக்கூட, ஒரு நாள் முழுதும் கொடியில் தொங்கவிட்டு, பின்னரே விளிம்பை அளந்து மடிக்க வேண்டும்.

போர்க்காலத்துப் பெண்களின் கைத்திறனை அறிய 1943-ல் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட ‘இருப்பதைக்கொண்டு செப்பனிடுக’ என்ற கருத்தமைந்த கையேடு ஒன்று போதும். நைந்த சட்டைக் காலரைப் பிரித்துத் திருப்பி வைத்துத் தைத்தல், பிரிந்த கம்பளியை நூலாக்கி மீண்டும் பின்னுதல், போர்முனைக்குச் சென்ற கணவனின் சூட்டை வெட்டித் தனக்குப் பாவாடையும் கோட்டும் ஆக்கிக்கொள்ளுதல், இரண்டு பழைய கவுன்களிலிருந்து ஒன்றை உருவாக்குதல் எனப் பல வழிகள் அக்காலத்தில் கையாளப்பட்டன. கணவன் திரும்பி வந்து சூட் எங்கே என்று கேட்டபோது நிகழ்ந்த உரையாடல்களை எவரும் தொகுத்ததாகத் தெரியவில்லை.

இந்த ‘இரண்டிலிருந்து ஒன்று’ என்னும் முறை நமக்கே கைகொடுத்த கதையைச் சொல்லியாக வேண்டும். அதற்குமுன் காகித மாதிரிகளைப் பற்றிச் சில சொற்கள். அமெரிக்க நாட்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்டெர்லிங் என்னும் ஊரில் எபனேசர் பட்டரிக் என்ற தையற்காரர், 1863-ஆம் ஆண்டில், வெவ்வேறு அளவுகளில் வெட்டப்பட்ட காகித மாதிரிகளை விற்கத் தொடங்கினார். இந்த எண்ணத்தை அவருக்கு ஊட்டியவர் அவர் மனைவி எல்லன் என்பர். அதுவரை ஒரே அளவில்தான் மாதிரி கிடைக்கும். பெருக்குவதும் குறுக்குவதும் தைப்பவள் பாடு. தொடக்கத்தில் அம்மெல்லிய தாளில் எழுத்தும் கோடும் இரா. துளைகள் மட்டுமே இருக்கும். எந்தத் துளை டார்ட்டுக்கு, எந்தத் துளை மடிப்புக்கு என்று உறையின்மேலுள்ள குறிப்பைப் பார்த்து அறிந்துகொள்ள வேண்டும். அச்சிட்ட மாதிரிகள் 1920-களை ஒட்டியே வந்தன. 1927-ல் சிம்ப்ளிசிட்டி நிறுவனம் குறைந்த விலையில் விற்கத் தொடங்கவே, எளிய குடும்பத்தாரும் வாங்கலாயினர். 1952-ல் பட்டரிக் நிறுவனம் வெளியிட்ட ஒரு கவுன் மாதிரி, காலையில் தொடங்கினால் நண்பகல் விருந்துக்கு அணிந்துகொண்டே நடந்துவிடலாம் என்னும் பொருளில் பெயர் பெற்றது. தலைவழியே மாட்டி, குறுகிய முன்பகுதியைப் பின்னே கொண்டு கொக்கியிட்டு, அகன்ற பின்பகுதியை முன்னே சுற்றிப் பட்டனிடும் உடை அது. ஒரே காலையில் முடிக்கலாம் என்பதை மட்டும் நம் சகோதரிகள் நம்ப வேண்டாம். கரைகளுக்குக் கிராஸ் பட்டி வைத்துத் தைக்கவே ஒரு மாலை போய்விடும்.

எம் தம்பி மகளுக்கு வெளிநாட்டிலிருந்த தோழி ஒருத்தி 1950-களின் தொடக்கத்து உறையொன்றை அனுப்பியிருந்தாள். மேலே 14 என்று எண். அவள் மார்பளவு 36 அங்குலம். அத்தகையோருக்கு இன்றைய மேலைநாட்டு மாதிரிகளில் 14 என்ற எண்ணே பொருந்தும். ஆகவே ஐயமின்றி, செங்கல் நிறக் கைத்தறித் துணியை விரித்து வெட்டினோம். ‘வெட்டினோம்’ என்கிறோம். கத்தரிக்கோல் அவள் கையில், அவசரம் நம் வாயில். தைத்து அணிந்து பார்த்தபோது கை தோளைத் தாண்டவில்லை. 1940-களிலும் அதன் பின் சில ஆண்டுகளிலும் 14 என்பது 32 அங்குல மார்புக்குரிய எண்ணாக இருந்தது. 1950-களின் பிற்பகுதியில் அது 34 ஆயிற்று. 1960-களின் இறுதியில் 36 ஆயிற்று. எண் மாறவில்லை, மார்பளவுதான் மாறியது. உறையின் பின்புறத்தில் அங்குலக் கணக்குத் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. நாம் படிக்கவில்லை. நல்ல துணியில் கத்தரி வைப்பதற்குமுன் காடாத்துணியில் வெட்டி, நீண்ட தையலிட்டு, அணிந்து பார்த்துத் திருத்த வேண்டும் என்ற முதற்பாடத்தையும் மறந்தோம். அன்னையார் இருந்திருப்பின் இரண்டுக்குமாகச் சேர்த்துத் திட்டியிருப்பார்.

பெண் அழுதுவிட்டாள். அன்றே இயந்திரம் மீண்டும் விரிப்புக்குள் போயிருக்கும். போர்க்காலத்துப் பெண்கள் குறுகிப்போன கவுனின் பக்கங்களைத் திறந்து வேற்றுத் துணி பதித்ததை அவள் எங்கோ படித்திருந்தாள். இரு பக்கமும் மூன்று மூன்று அங்குலப் பட்டை வைத்தால், தையலுக்குப் போக நான்கு அங்குலம் கிடைக்கும். தோள்பகுதியை நீக்கிவிட்டு அகன்ற புதுத் துண்டு பொருத்தலாம். செங்கல் நிறத்துக்கு இசைவாக எந்தத் துணி? அன்னையாரின் பெட்டியில் கருநீலச் சுங்குடிச் சேலையொன்று இருந்தது. தலைப்பு நைந்திருந்தாலும் உடல் உறுதியாகவே இருந்தது. அதை வெட்டுவதா என்று இரண்டு நாள் தயங்கினோம். தம்பியைக் கேட்டோம். “அம்மா வெட்டாத சேலையா? நம் சட்டையெல்லாம் எதிலிருந்து வந்தது?” என்றான். உண்மைதான். எம் சிறுபிராயத்துக் கவுன்களில் பாதி அவருடைய சேலைகளே. வெட்டினோம். அந்த உடையைத்தான் இன்று பார்ப்பவர் யாவரும் எங்கே வாங்கியது என்று கேட்கின்றனர்.

இனி வாசகியின் மகளுக்குத் திட்டம் ஒன்று சொல்வோம். பழைய படங்களைக் கண்டு ஒவ்வோர் உடையாக ஆசைப்பட்டுத் தைத்தால், பத்து உடைகள் சேரும், ஒன்றும் மற்றொன்றோடு இசையாது. இலண்டனில் துணிக்கடை நடத்திய சூசி ஃபோ என்னும் அம்மையார் 1970-களில், சில அடிப்படை உடைகளைத் தேர்ந்து அவற்றையே மாற்றி மாற்றி அணியும் முறையைப் பரப்பினார். 1985-ல் அமெரிக்காவின் டோனா கேரன் ஏழு எளிய உடைகள் என்றே தம் முதல் தொகுப்பை அமைத்தார். இதெல்லாம் நம் வீட்டுப் பெண்களுக்குப் புதிதன்று. கறுப்பு, அரக்கு, பொன்னிறம் என மூன்று ரவிக்கைகளை வைத்துக்கொண்டு பதினைந்து சேலைகளைச் சமாளிக்கும் கணக்கு எவரும் எழுதாமலே நம்மிடம் இருக்கிறது. அதே கணக்கைத் தையலுக்கும் கொள்க.

முதலில் ஓர் அடிநிறம். கருநீலம் நல்லது, பழுப்பும் ஆகும். அந்நிறத்தில் ஓர் ஆறு துண்டுப் பாவாடை. அதனோடு இசையும் வேறொரு நிறத்தில் இன்னொன்று. அடுத்து மூன்று சட்டைகள். ஒன்று வெள்ளை, பீட்டர்பான் காலரும் பஃப் கையும் உடையது. ஒன்று முழங்கை வரை நேர்கை. ஒன்று சிறு பூப்போட்டது. பின்னர் அடிநிறத்திலேயே கையில்லா மேற்கவுன் ஒன்று. அதைச் சட்டையின்மேல் அணியலாம். இரண்டு பாவாடையோடு மூன்று சட்டைகள் ஆறு விதம். மேற்கவுனோடு அதே சட்டைகள் மூன்று விதம். ஆறே உடைகளில் ஒன்பது தோற்றங்கள். இடுப்பளவில் நிற்கும் சிறு மேற்சட்டை ஒன்று ஏழாவதாகச் சேர்ந்தால், விரும்பும் நாளில் ஒன்பதும் பதினெட்டாகும். எம் தம்பி மகள் இந்த ஏழையும் முடிக்க ஓர் ஆண்டும் இரண்டு மாதங்களும் ஆயின. பூப்போட்ட சட்டையை மட்டும் இரண்டு முறை பிரித்தாள்.

பஃப் கையைப் பற்றி ஒரு சொல். சுருக்கம் முழுவதையும் தோளின் உச்சியில் கூட்ட வேண்டும். அக்குளை நோக்கி இறங்கினால் கை தூக்கும்போது இழுக்கும். ஒரே வரிசைச் சுருக்கு நூல் போதாது. கால் அங்குல இடைவெளியில் இரண்டு வரிசை ஓட்டி, இரண்டையும் சேர்த்து இழுத்தால்தான் சுருக்கம் சீராக அமையும். கஞ்சி போடாத மெல்லிய கேம்பிரிக், வாயில் போன்ற துணிகளில் இது எளிது. தடித்த துணியில் தோள் பலூன் போலாகும்.

பழைய மிதி இயந்திரங்கள் நேர்த் தையல் ஒன்றையே அறியும். ஓவர்லாக் கிடையாது. ஆகவே துணியின் வெட்டுவிளிம்பு பிரியாதிருக்க, முதலில் நல்ல பக்கம் வெளியில் தெரியும்படி குறுகத் தைத்து, திருப்பி, அவ்விளிம்பு உள்ளே அடங்கும்படி மீண்டும் தைக்க வேண்டும். வேலை இருமடங்கு. ஆனால் உள்புறத்தைத் திருப்பிக் காட்டினாலும் நூல் ஒன்று தொங்காது. அன்னையார் தைத்த ரவிக்கைகள் துணி நைந்தும் தையல் விடாமல் நின்றதன் காரணம் இதுவே. வளரும் பெண்ணுக்குத் தைக்கும்போது, நாம் பட்டுப்பாவாடையில் டக் பிடித்து ஆண்டுதோறும் பிரித்து விடுவதுபோல், கீழே மூன்று அங்குல மடிப்பும் பக்கங்களில் முக்கால் அங்குலத் தையலும் விட்டு வைப்பது நல்லது. அப்போது மேலே சொன்ன கணக்கில் துணி சற்றுக் கூடும். பருத்தித் துணியை வெட்டுமுன் ஓர் இரவு நீரில் ஊறவைத்து உலர்த்துவதை எக்காரணத்தாலும் தவிர்க்கலாகாது.

செலவு குறையுமா என்று வாசகி கேட்டிருக்கிறார். உண்மையைச் சொல்வோம்: எப்போதும் குறையாது. நல்ல பருத்தித் துணி, நூல், பட்டன், காஜா எடுக்கும் கூலி எல்லாம் சேர்த்தால், திருவிழாக் காலத் தள்ளுபடியில் குவித்து விற்கும் சட்டையின் விலையைத் தாண்டிவிடுவதும் உண்டு. அந்தச் சட்டை ஆறு மாதத்தில் தரை துடைக்கப் போகும், இது ஆறு ஆண்டு நிற்கும் என்பது ஒரு கணக்கு. ஆனால் அதை மட்டும் காட்டி ஒரு பெண்ணை இயந்திரத்தின் முன் அமர்த்த இயலாது. அவளுக்கே விருப்பம் இருக்க வேண்டும். விருப்பம் உள்ள பெண் இல்லத்தில் இருக்கையில் இயந்திரத்தை எடைக்குப் போடுவது நமக்கு உடன்பாடில்லை. அவள் இரண்டாம் மாதமே விட்டுவிட்டால் என்ன செய்வது? அப்போதும் இரும்புக் கடை வேண்டாம். அருகிலுள்ள கன்னியர் மடத்துத் தையல் வகுப்பிலோ, தைத்துப் பிழைக்கும் ஒரு பெண்ணின் இல்லத்திலோ கேட்டுப் பாருங்கள். இந்த இரும்பு எடைக்குக் கிடைக்கும் தொகையைக்கொண்டு புதிதாக ஒன்று வாங்க அவர்களால் முடியாது.

இயந்திரத்தை எழுப்பும் வேலை ஒரு பிற்பகலில் முடியும். ஊசித்தட்டைத் திருகாணி கழற்றி நீக்கினால், துணியை நகர்த்தும் பற்களினிடையே பல்லாண்டுப் பஞ்சு உறைந்திருக்கும். பழைய பல் தூரிகையால் அதை எடுத்துவிடுங்கள். எண்ணெய்த் துளைகள் ஒவ்வொன்றிலும் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி, அதற்குமேல் வேண்டாம். தேங்காய் எண்ணெய் விடவே கூடாது, அது காலப்போக்கில் பிசினாகி இயந்திரத்தையே இறுக்கிவிடும். தோல் பட்டை தளர்ந்திருந்தால் அரை அங்குலம் வெட்டி மீண்டும் கொக்கியிடலாம். ஊசியைப் புதிதாக மாற்றுங்கள்: சாதாரணப் பருத்திக்கு 14 எண், வாயிலுக்கு 11, தடித்த துணிக்கு 16. பின்னர் கந்தல் துணியொன்றில் பத்து வரிசை தைத்துப் பாருங்கள். மிகுந்த எண்ணெய் அதில் இறங்கிவிடும். மேல்நூலும் பாபின் நூலும் துணியின் நடுவில் பின்னிக்கொண்டால் இழுவிசை சரி. அடிப்பக்கம் நூல் கண்ணி கண்ணியாகத் தொங்கினால் மேல்நூல் தளர்ந்திருக்கிறது, அல்லது கோத்தது பிழை என்று பொருள். பத்தில் எட்டு முறை கோத்ததுதான் பிழையாக இருக்கும்.

பீட்டர்பான் காலரைக் கழுத்தளவுக்கு ஏற்பக் காகிதத்தில் வரைந்து வெட்டும் முறையை அடுத்த இதழில் காண்போம். வாசகியின் மகள் அதற்குள் காடாத்துணி இரண்டு மீட்டர் வாங்கி வைத்துக்கொள்வாளாக.